புளியங்கொட்டை ஆடு, ஓட்டுச் சில்லுப் புலி!

உங்களுக்கு மூன்று புலி வேண்டும். பதினைந்து ஆடும் வேண்டும். கடைக்குப் போகக்கூடாது, காசும் செலவழிக்கக்கூடாது. எங்கே போய்ப் பிடிப்பீர்கள்?

பயப்படாதீர்கள், உங்களை மேகமலைக்கு ஏறச் சொல்லவில்லை. அங்கே நிஜப் புலியே உண்டு. 2021ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைக் காடுகளைப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். நான் சொல்வது ஆடு புலி ஆட்டத்துப் புலி. திண்ணையில் கரித்துண்டால் கோடு போட்டு உங்கள் தாத்தாவும் பாட்டியும் ஆடியிருப்பார்களே, அந்த ஆட்டம். தமிழ்நாட்டில் பல பழைய கோயில் மண்டபங்களின் கல் தரையில் இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை கோயிலுக்குப் போனால் தூண் ஓரமாகத் தரையைப் பாருங்கள்.

இதுவும் ஒரு போர் விளையாட்டுதான். சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் படை சமம். இங்கே அப்படி இல்லை. மூன்று பேருக்கு வலிமை உண்டு, பதினைந்து பேருக்கு எண்ணிக்கை உண்டு. புலி தனக்கு அடுத்த புள்ளியில் நிற்கும் ஆட்டை, நேர்கோட்டில் தாண்டி, அதற்கு அடுத்த காலி இடத்தில் குதித்தால் அந்த ஆடு வெட்டுப்படும். ஆடு யாரையும் வெட்டாது. ஆனால் எல்லா ஆடும் கூடி நின்று மூன்று புலியையும் நகர விடாமல் அடைத்துவிட்டால், ஆடுகளுக்கே வெற்றி. ஆடுகளை ஒவ்வொன்றாகக் கட்டத்தில் வைக்க வேண்டும். பதினைந்தும் வைத்து முடித்த பிறகுதான் அவற்றை நகர்த்தலாம். எத்தனை ஆடு வெட்டினால் புலி ஜெயித்ததாகக் கணக்கு என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆட்டம் தொடங்குமுன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் பேசினால் சண்டைதான் வரும்!

கட்டமும் காயும் கடையில் கிடைக்கின்றன. வாங்கி ஆடுவதில் தப்பில்லை. ஆனால் காயை நாமே செய்யும்போது கைக்கு மட்டுமல்ல, மூளைக்கும் வேலை வருகிறது. 'அழகாக இருக்கிறதா?' என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் அதைக் கடைசியில்தான் கேட்பேன். 'இந்தக் காய் தன் வேலையைச் செய்கிறதா?' என்பதே முதல் கேள்வி.

காய்க்கு என்ன வேலை? சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். உருளக்கூடாது, பறக்கக்கூடாது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் இது ஆடா, புலியா என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும். பக்கத்துக் காயைத் தள்ளாமல் இரண்டு விரலால் எடுக்க வர வேண்டும்.

அதனால் முதலில் கட்டத்தை வரைவோம். கட்டத்தின் அளவு தெரியாமல் காய் செய்யக்கூடாது. பெரிய சார்ட் தாளில் 36 செ.மீ. அடிக்கோடும் 40 செ.மீ. உயரமும் உள்ள முக்கோணம் போடுங்கள். அடிக்கோட்டை மூன்று சம பாகமாகப் பிரித்து, உச்சியிலிருந்து அந்த இரண்டு புள்ளிகளுக்கும் கோடு இழுங்கள். இப்போது உச்சியிலிருந்து நான்கு கோடுகள் இறங்குகின்றன, சரிதானே? அந்த முக்கோணத்தின் குறுக்கே, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு செவ்வகம் வரையுங்கள். செவ்வகத்தின் நடுவே ஒரு படுக்கைக் கோடு போடுங்கள். கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணுங்கள். உச்சியில் 1, மூன்று படுக்கைக் கோடுகளிலும் ஆறாறு, அடிக்கோட்டில் 4. ஆக மொத்தம் 23 வந்தால் கட்டம் சரி.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உச்சிக்குப் பக்கத்தில் நான்கு கோடுகளும் நெருங்கி நிற்கும். முதல் படுக்கைக் கோட்டை உச்சியிலிருந்து 10 செ.மீ. கீழே போட்டால், அங்கே புள்ளிக்குப் புள்ளி 3 செ.மீ.தான் இடைவெளி வரும். சோடா மூடியின் அகலமே ஏறக்குறைய 3 செ.மீ. நான்கு மூடிகளும் தோளோடு தோள் உரசி நிற்கும், விரல் நுழையாது. அந்தக் கோட்டை 16 செ.மீ. கீழே இறக்கிப் போடுங்கள், இடைவெளி 4.8 செ.மீ. ஆகிவிடும். (எப்படி என்று வடிவொத்த முக்கோணம் படித்த அண்ணன், அக்காவிடம் கேளுங்கள்.) மற்ற இரண்டு கோடுகளை 24, 32 செ.மீ.யில் போடலாம். செவ்வகத்தின் அகலம் 42 செ.மீ. இருந்தால் போதும்.

இனி ஆடு. நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஆடு செய்ய ஏற்றது புளியங்கொட்டைதான். அடுக்களையில் கேட்டால் கை நிறையக் கிடைக்கும். ஒரே அளவாகப் பதினைந்து பொறுக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் சொரசொரப்பான கல்லில் தேய்த்தால் பழுப்புத் தோல் போய் உள்ளே வெள்ளை தெரியும். தாயம் ஆடுகிறவர்கள் இப்படித் தேய்த்த கொட்டைகளைக் குலுக்கிப் போட்டு, எத்தனை வெள்ளை விழுந்தது என்று எண்ணுவார்கள். நாம் வெள்ளை முகத்தை மேலே வைத்தால் வெள்ளாடு, பழுப்பு முகத்தை வைத்தால் செம்மறி! தேய்த்த பக்கம் தட்டையாகிவிடுவதால், அதைக் கீழே வைத்தால் காய் ஆடாமல் நிற்கும். அதனால் என் ஓட்டு செம்மறிக்குத்தான். ஒரு எச்சரிக்கை. தேய்க்கும்போது கொட்டை நன்றாகச் சூடேறும். அதைப் பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்து வேடிக்கை பார்க்காதீர்கள். யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள், வாத்தியாருக்கு எல்லாம் தெரியும்!

கொட்டையை எங்கும் சிதற விடாதீர்கள். வீட்டில் தவழும் தம்பி, தங்கை இருந்தால் வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்வார்கள். அதேபோல வேலியில் கொடியாகப் படர்ந்து, சிவப்பும் கறுப்புமாக அழகாக மின்னும் குன்றிமணியைக் காயாக எடுக்கவே வேண்டாம். அது விஷ விதை.

"எங்கள் தேனியில் இலவம் பஞ்சு இருக்கிறதே, அதை ஒட்டி ஆடு செய்யலாமே!" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. செய்யலாம். பார்க்க உண்மையான குட்டி ஆடு மாதிரியே இருக்கும். ஆனால் நாலு ஆட்டம் ஆடிப் பாருங்கள். விரல் அழுக்கு ஏறி வெள்ளாடு சாம்பல் ஆடாகும், பிறகு மொட்டை ஆடாகும். பஞ்சு ஆட்டை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், ஆட்டத்துக்கு வேண்டாம். போடிப் பிள்ளைகள் ஏலக்காயை வைத்து ஆடலாமா என்று கேட்பார்கள். அதன் விலையைத் தெரிந்துகொண்டு, அப்புறம் அம்மாவிடம் கேளுங்கள்.

கம்பம் பன்னீர் திராட்சை? 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், நம் ஊரில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் கிடைக்கிற பழம். காயாக வைத்தால் உருண்டு ஓடும், சாறு பட்டுக் கட்டம் கறையாகும். காய் என்ற முறையில் அதற்குப் பாஸ் மார்க்கூடப் போட மாட்டேன். ஆனால் புலிக்காரர் வெட்டிய ஆட்டை அங்கேயே தின்றுவிடலாம் என்ற ஒரு வசதி உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது புலிக்கு வருவோம். புலிக்கு நான் சிபாரிசு செய்வது சில்லு. உடைந்த ஓடு, உடைந்த மண்பானை எதுவானாலும் சரி. ஒரு துண்டை எடுத்து, ஓரத்தைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்குங்கள். பாண்டி ஆடுகிற பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அந்த அளவு வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். தேய்க்கும்போது இடையிடையே தண்ணீர் தெளித்தால் தூசி பறக்காது.

இந்தச் சில்லுக்கு எவ்வளவு வயது தெரியுமா? வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை, முல்லையாற்றையும் சேர்த்துக்கொண்டு, ஆண்டிபட்டி அருகே வைகை அணையில் தங்கி, மதுரையைத் தாண்டிப் போகிறது அல்லவா? அந்தக் கரையில், மதுரைக்குத் தென்கிழக்கே, சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது கீழடி. 2014-15இல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கியது. பிறகு தமிழகத் தொல்லியல் துறை தொடர்ந்தது. அங்கே கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று 2019இல் அறிவித்தார்கள். அந்த மண்ணுக்குள் என்ன இருந்தது? பானை ஓட்டை உடைத்து ஓரம் தேய்த்த வட்டச் சில்லுகள், நூற்றுக்கணக்கில்! சுட்ட மண்ணால் செய்த ஆட்டக்காய்களும், தந்தத்தில் செய்த பகடையும்கூடக் கிடைத்தன. 2023 மார்ச்சில் கீழடியில் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். சுற்றுலா போக இடம் கேட்டால் அதைச் சொல்லுங்கள். நீங்கள் வீட்டு வாசலில் ஓட்டை வைத்துத் தேய்க்கிறீர்களே, அதே வேலையை அதே ஆற்றங்கரையில் யாரோ ஒரு பிள்ளை எப்போதோ செய்திருக்கிறது. அந்தப் பிள்ளை எந்த ஆட்டம் ஆடியது என்று சில்லு சொல்லாது. காய் மட்டும் மிஞ்சியது, ஆட்டத்தின் விதி மண்ணில் மிஞ்சவில்லை.

ஓடு கிடைக்காதவர்கள் களிமண்ணில் செய்யலாம். கல், வேர் பொறுக்கிய களிமண்ணோடு கொஞ்சம் நைசான மணல் சேர்த்துப் பிசையுங்கள். உடனே வெயிலில் வைத்தால் மேல்புறம் சீக்கிரம் காய்ந்து, உள்ளே ஈரம் தங்கி, விரிசல் விழும். மூன்று நான்கு நாள் நிழலில் உலரட்டும். காய்ந்தால் மண் சுருங்கும், பத்தில் ஒரு பங்குகூடக் குறையலாம். அதனால் வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே பிடியுங்கள். பக்கத்தில் மண்பானை செய்கிறவர் இருந்தால், அவருடைய சூளையில் உங்கள் மூன்று புலிக்கும் இடம் கேட்டுப் பாருங்கள். கூழாங்கல் என்றால் இன்னும் சுலபம். ஆனால் முல்லையாற்றில் பெரியவர்கள் துணையில்லாமல் இறங்கக்கூடாது. முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் ஆற்றின் வேகமே வேறு.

புலிக்கு வண்ணம்? அதுவும் அடுக்களையிலேயே இருக்கிறது. மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் மஞ்சள் புலி. அந்தக் குழம்பில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு துளி சேர்த்தால் சட்டென்று சிவந்துவிடும். அம்மா ஆலம் கரைக்கும்போது பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பு காரமானது, கண்ணில் படக்கூடாது. அந்த வேலையைப் பெரியவர்களிடம் விடுங்கள். மேலே கரியால் வரி போட்டால் வரிப்புலி தயார். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுத்துப் போகும் என்பதால் புலியை நிழலில் வளர்க்க வேண்டும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சில பிள்ளைகளுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். அவர்களிடம் குறையில்லை, காய் செய்தவர்தான் யோசிக்கவில்லை. ஆட்டையும் புலியையும் வடிவத்திலும் அளவிலும் வேறுபடுத்துங்கள். ஒரு சோதனை சொல்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு, பதினெட்டுக் காய்களையும் தொட்டே பிரித்து வையுங்கள். பார்வையற்றவர்கள் ஆடும் சதுரங்கப் பலகையைப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக இருக்கும். கறுப்புக் காய்களின் தலையில் சிறு குமிழ் இருக்கும். ஒவ்வொரு காயும் துளையில் செருகி நிற்கும். தடவிப் பார்த்தே முழு ஆட்டத்தையும் ஆடுவார்கள். காய் செய்கிறவருக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வட்டமாக வெட்டி, புலிப் படம் வரைந்தும் காய் செய்யலாம். எளிது, அழகு. ஆனால் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்கிற ஊரில் இருக்கிறோம்! திண்ணையில் ஆடினால் புலி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அட்டையைச் சோடா மூடிக்குள் ஒட்டுங்கள். அல்லது தண்ணீர்ப் பாட்டில் மூடியில் களிமண் அடைத்துக் காயவைத்து, அதன்மேல் ஒட்டுங்கள். கனம் கிடைத்துவிடும்.

வெளிநாட்டிலும் பெரியவர்களே காய் செய்து மேசைமேல் போர் நடத்தியிருக்கிறார்கள். பிரஷ்யா என்று ஒரு நாடு இருந்தது, இன்றைய ஜெர்மனி, போலந்துப் பகுதிகளில். அங்கே 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் படை அதிகாரி, தன் தந்தை தொடங்கிய ஒரு விளையாட்டைத் திருத்தி வெளியிட்டார். வரைபடம்தான் போர்க்களம். சிவப்பும் நீலமும் பூசிய சின்னச் சின்ன உலோகக் கட்டைகள்தான் படைகள். பொம்மையும் இல்லை, குதிரையும் இல்லை. படை அதிகாரிகளுக்கு அதை வைத்துப் பயிற்சியே கொடுத்தார்கள். பிறகு 1913இல், கால இயந்திரக் கதை எழுதிய ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ், ஈயப் பொம்மை வீரர்களைத் தரையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் எழுதிப் புத்தகமே போட்டார். இன்று அப்படி ஆடுகிறவர்கள், பொம்மை வீரருக்குப் பக்கத்தில் வட்ட வில்லைகளை வைக்கிறார்கள். ஒரு வில்லைக்கு 'களைத்துவிட்டான்' என்று அர்த்தம், இன்னொன்றுக்கு 'பதுங்கியிருக்கிறான்' என்று அர்த்தம். பலர் அவற்றை வீட்டிலேயே வெட்டி, வண்ணம் பூசிச் செய்துகொள்கிறார்கள்.

ரைஸ்விட்ஸ் விளையாட்டில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எதிரியின் கண்ணுக்குத் தெரியாத படையை வரைபடத்தில் வைக்க மாட்டார்கள். நடுவர் மனதில் வைத்திருந்து, நேரம் வரும்போதுதான் கட்டையை வைப்பார். காட்டுப் புலியும் அப்படித்தானே? நம் ஆட்டத்தில் மட்டும் ஏன் மூன்று புலியும் வெட்டவெளியில் நிற்கின்றன?

அதற்காக ஒரு புது ஆட்டம் சொல்கிறேன். 'புதர்ப் புலி' என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரே மாதிரியான ஐந்து சோடா மூடிகள் வேண்டும். மூன்றின் உள்ளே புலிப் படமும் இரண்டின் உள்ளே புதர்ப் படமும் ஒட்டுங்கள். புலிக்காரர் எல்லாவற்றையும் கவிழ்த்து, உச்சியில் ஒன்றும் அதற்குக் கீழே நெருங்கி இருக்கும் நான்கு புள்ளிகளில் நான்கும் வைக்க வேண்டும். எது புலி என்று அவருக்கு மட்டும் தெரியும். ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆடாக வைக்க வைக்க, புலிக்காரர் ஏதாவது ஒரு மூடியை அடுத்த காலிப் புள்ளிக்கு நகர்த்தலாம். புதரையும் நகர்த்தலாம். புதர் எப்படி நடக்கும் என்று கேட்காதீர்கள், காற்றில் அசைந்தது! ஆட்டை வெட்ட வேண்டுமென்றால் மூடியைத் திருப்பிப் புலியைக் காட்டிவிட்டுத்தான் தாண்ட வேண்டும். அதன்பின் அந்தப் புலி மறைய முடியாது. ஒரு மூடி நகர வழியில்லாமல் அடைபட்டால் ஆட்டுக்காரர் "காட்டு!" என்று கேட்கலாம். புதர் என்றால் அதை எடுத்துவிட வேண்டும். புலி என்றால் திறந்தபடியே அங்கே கிடக்கும். மற்ற விதிகள் பழைய ஆட்டத்தில் உள்ளவைதான். 23 புள்ளிகளில் 20 காய் என்பது நெருக்கடி. மிகவும் நெருக்கடியாகத் தோன்றினால் ஆடுகளை 13 ஆக்கி ஆடிப் பாருங்கள். எது சரி என்று நாலு ஆட்டத்தில் உங்களுக்கே தெரியும்.

இந்த ஆட்டத்தில் காயின் வேலை தலைகீழாக மாறிவிட்டதைக் கவனித்தீர்களா? இதுவரை பார்த்தவுடனே தெரிய வேண்டும் என்றேன். இப்போது எவ்வளவு பார்த்தாலும் தெரியக்கூடாது! புளியங்கொட்டை இதற்கு உதவாது, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும். சில்லும் உதவாது. ஒரு மூடியில் துரு, இன்னொன்றில் நெளிவு, ஒன்றில் பசை சொட்டியிருந்தால்கூட ஆட்டம் கெட்டுவிடும். புலியின் அட்டை புதரின் அட்டையைவிடத் தடிமனாக இருந்தால் தட்டும் சத்தத்தில் தெரிந்துவிடும். எல்லா அட்டையும் ஒரே பத்திரிகையில் வெட்டியதாக இருக்கட்டும். சோடா மூடியின் ஓரத்தில் 21 பற்கள் இருக்கும். அவற்றில் ஒன்று வளைந்திருந்தாலும் கூர்மையான கண் பிடித்துவிடும்.

செய்து முடித்ததும் ஐந்து மூடிகளையும் கவிழ்த்துக் கலைத்து, உங்கள் தெருவிலேயே கெட்டிக்காரப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். கையில் எடுத்துப் பார்க்கவும், தட்டிப் பார்க்கவும் விடுங்கள். முதலில் புலி எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு, மறுபடி கலைத்துவிட்டுக் கேளுங்கள். மூன்று தடவையும் அந்தப் பிள்ளை சரியாகப் புலியைத் தொட்டுவிட்டால், மூடிகளை மாற்றுங்கள்.